எலும்பு எங்கும் போகவில்லை

முதுகுவலி என்று ஒருமுறை கைப்பேசியில் தேடிவிட்டால் போதும், அப்புறம் அது நம்மை விடுவதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஒரு சின்ன அறை. நடுவே கறுப்பு ரெக்சின் போட்ட மேசை. படுத்திருப்பவரின் சட்டையில் ஒரு குட்டி மைக் மாட்டியிருக்கிறது. கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் பார்ப்பவர், அவர் தோளையும் இடுப்பையும் எதிரெதிராகப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புகிறார். படக்கென்று சத்தம். படுத்திருந்தவர் முதலில் அலறுகிறார், பிறகு சிரிக்கிறார், எழுந்து நின்று குனிந்து கால் விரலைத் தொட்டுக் காட்டுகிறார். "பத்து வருஷ வலி சார், போயிடுச்சு" என்கிறார்.

எனக்கு இந்த வீடியோக்களை அனுப்புவது என் நாத்தனார். அன்பால் அனுப்புகிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை எனக்கு. கணக்கு முடிக்கும் மார்ச்சிலும், வரித் தணிக்கை நடக்கும் செப்டம்பரிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், மேசையில் படுத்தும் பார்த்திருக்கிறேன். கை வைத்தால் கிடைக்கும் சுகம் உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம், "எலும்பு விலகியிருந்தது, உள்ளே தள்ளிவிட்டேன்" என்பது, உண்மை இல்லை. சுகத்தை வாங்கிக்கொள்ளலாம். காரணத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் வருஷக்கணக்கில் நம்மை அந்த மேசைக்கு வரவழைப்பது அந்தக் காரணம்தான்.

அது பிறந்த இடம் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் டேவன்போர்ட் நகரம். டேனியல் டேவிட் பால்மர் கனடாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் என்று பல தொழில் பார்த்துவிட்டு, உடம்பில் கை வைத்து 'காந்த சக்தி'யால் குணப்படுத்துகிறேன் என்று டேவன்போர்ட்டில் ஒரு நிலையம் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்டுக்குப் பதினேழு வருடமாகக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததாகவும், 1895 செப்டம்பர் 18 அன்று அதைத் தட்டி உள்ளே தள்ளியதும் காது கேட்க ஆரம்பித்ததாகவும் பால்மர் எழுதிவைத்தார். கேட்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே காதுக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை. ஆனாலும் இந்த ஒரு சம்பவத்தின் மேல்தான் ஒரு முழு வைத்திய முறை எழுந்தது. 1897-ல் பால்மர் பள்ளி தொடங்கினார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்கள் முதுகெலும்பு இடம் பெயர்வதால்தான் வருகின்றன என்று 1910-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதினார். எலும்பு விலகி நரம்பை அமுக்குகிறது, அதனால் உடம்பின் உயிர்ச்சக்தி தடைபடுகிறது. அவ்வளவுதான் அவருடைய மருத்துவம்.

பால்மரைக் கெட்ட எண்ணம் கொண்டவராக என்னால் நினைக்க முடியவில்லை. டாக்டர்களே பாதரசம் கலந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மருந்தே தராமல் முதுகைத் தடவிவிட்ட ஒருவரிடம் கூட்டம் சேர்ந்தது நியாயமே. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906-ல் அவர் சிறைக்குப் போனார். அவருக்குப் பின் பள்ளியை வளர்த்தவர் மகன் பி.ஜே. பால்மர். விளம்பரத்தின் அருமை தெரிந்தவர். டேவன்போர்ட்டில் சொந்தமாக வானொலி நிலையமே நடத்தினார். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது அந்த நிலையத்தில்தான். கைப்பேசி வீடியோவுக்கு முன்னோடி அங்கேயே இருந்திருக்கிறது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒழித்துக்கட்டப் பார்த்தது. 1963-ல் அதற்கென்று ஒரு குழுவே போட்டது. செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் 1976-ல் வழக்குப் போட்டார்கள். 1987-ல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், மருத்துவச் சங்கம் தொழில் போட்டியை முடக்குவதற்கு எதிரான சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஒரு வைத்திய முறை தவறென்றால் ஆராய்ந்து காட்ட வேண்டும், ஊர்விலக்கு வைக்கக் கூடாது. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்ததனால் எலும்பு விலகல் கொள்கை உண்மையாகிவிடவில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் அரசுக் கவுன்சிலே 2010-ல், அது பழங்காலத்துக் கருத்து, நோய்களுக்கு அது காரணம் என்று சொல்ல மருத்துவ ஆதாரம் கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அந்தத் தொழிலுக்கு உள்ளிருந்தே வந்த வார்த்தை என்பதால் அதற்கு எடை அதிகம்.

அப்படியானால் அந்தச் சத்தம்?

திருஷ்டி கழித்துவிட்டுப் பாட்டி தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிப்பாரே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளையும் சட்டென்று இழுத்துப் பிரித்தால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு குமிழ்ப்பை உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, குமிழ் தோன்றும் அந்தக் கணத்தைப் படமாகவே எடுத்தார்கள். குமிழ் மறைந்து மூட்டு பழைய நிலைக்கு வர இருபது நிமிடம்போல ஆகும். அதனால்தான் ஒரு விரலை நெட்டி முறித்த கையோடு மறுபடி முறிக்க முடிவதில்லை. கழுத்திலும் இடுப்பிலும் கேட்பதும் இதே வகைச் சத்தம்தான். எலும்பு 'உட்காரும்' சத்தம் என்று ஒன்று கிடையாது. முதுகெலும்புகளை, அவற்றுக்கு நடுவே இருக்கும் வட்டுகளும் (டிஸ்க்) தசைநார்களும் அவ்வளவு பலமாகக் கட்டி வைத்திருக்கின்றன. கையால் தள்ளினால் உள்ளே போகும், தும்மினால் வெளியே வரும் என்கிற மாதிரி அவை தொங்கிக்கொண்டிருக்கவில்லை. எலும்பு உண்மையிலேயே முன்னால் நழுவிப்போகும் ஒரு கோளாறு உண்டு. அதைக் கையால் தள்ளிச் சரிசெய்ய முடியாது. அப்படி இருப்பவர் இந்த மேசைப்பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

நான் போன இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஏசி அறை, சுவரில் பிளாஸ்டிக் முதுகெலும்பு. என் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு நேர்கோடும், அதை ஒட்டி ஒரு சாய்கோடும் போட்டார் அங்கிருந்தவர். "பாருங்க மேடம், இவ்ளோ விலகியிருக்கு. இப்படியே விட்டா நாலஞ்சு வருஷத்துல நடக்கவே கஷ்டமாயிடும்." எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்த இடைவெளி இன்னும் கண்ணில் நிற்கிறது, ஒரு தீக்குச்சியின் கனம்கூட இருக்காது. பிறகு படுக்கச் சொன்னார். மேசையின் நடுப்பாகம் ஓர் அங்குலம் உயர்ந்து, அவர் அழுத்தும்போது 'டக்' என்று கீழே விழும்படி செய்யப்பட்டது. பாதிச் சத்தம் மேசையுடையது என்று அப்போதே புரிந்தது. பக்கவாட்டில் திருப்பி ஒரு அழுத்து அழுத்தினார். முதுகில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. படி இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வரவேற்பறையில் கட்டணப் பட்டியலை நீட்டினார்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, அது முடிந்ததும் மாதாமாதம் 'பராமரிப்பு' சிட்டிங், ஆயுசுக்கும். மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிந்தபோது பழைய வலி பழைய இடத்திலேயே இருந்தது.

அந்த லேசு எங்கிருந்து வந்தது? மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது சுற்றியுள்ள தசைகள் இறுக்கத்தை விடுகின்றன, வலியைக் கடத்தும் நரம்புகளின் சேதி கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது. ஒருவர் நம் உடம்பைக் கவனமாகத் தொட்டுப் பார்த்து "சரியாயிடும்" என்று சொல்வதிலேயே பாதி பயம் போய்விடுகிறது, பயம் குறைந்தால் வலியும் குறைகிறது. இவையெல்லாம் உண்மையான விளைவுகள். மட்டமாக நினைக்க ஒன்றுமில்லை.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பை இப்படிக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை பற்றி 47 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2019-ல் வெளிவந்த கட்டுரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சைகள் தரும் அளவு பலனை இதுவும் தருகிறது என்றது. கூடுதலாக இல்லை, குறைவாகவும் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2017-ல், புதிதாக வந்த முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பு சூடு, மசாஜ், அக்குபஞ்சர், கைச்சிகிச்சை போன்றவற்றைப் பாருங்கள் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சியோடு சேர்த்து இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. இடுப்புப் பட்டையும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் வருகிறது. நம் ஊரில் முதுகுவலி என்று போனால் முதலில் கைக்கு வருவது அந்தப் பட்டைதான்.

ஆனால் இதெல்லாம் முதுகுவலிக்குத்தான். ஆஸ்துமாவுக்கு, காது வலிக்கு, தைராய்டுக்கு, குழந்தை ராத்திரியில் அழுவதற்கு என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை. பிரிட்டனில் சைமன் சிங் என்ற அறிவியல் எழுத்தாளர் 2008-ல் இதைப் பத்திரிகையில் எழுதப்போய், கைரோபிராக்டர் சங்கம் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு வருடம் போராடினார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் பேசியதும் சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. கைக்குழந்தையின் கழுத்தைத் திருப்பும் வீடியோ உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். என்னை அதிகம் கோபப்படுத்துவது அதுதான். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது, எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு. வட்டு பிதுங்கியிருப்பது இருபதுகளிலேயே 30 சதவீதம் பேரிடம். இவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது. தலைநரை மாதிரி, வயதானால் வருவது. அந்தப் படத்தைக் காட்டி ஒருவரைப் பயமுறுத்தினால் அவர் குனியமாட்டார், குடத்தைத் தூக்கமாட்டார், பேரனை இடுப்பில் வைத்துக்கொள்ளமாட்டார். தசை பலவீனமாகும், வலி கூடும். பயம்தான் நோயாகிவிடும். இதை கைரோபிராக்டர்கள் மட்டும் செய்யவில்லை. "டிஸ்க் போயிடுச்சும்மா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பும் எம்பிபிஎஸ் டாக்டர்களும் செய்கிறார்கள்.

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்தாள். என் எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. குனியச் சொன்னாள், பின்னால் வளையச் சொன்னாள், படுக்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, எலும்பு எங்கயும் போகல. வலிக்கும்னு பயந்து குனியறதையே நிறுத்திட்டீங்க, அதான் முதுகு இறுகிப் போச்சு" என்றாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி ஒன்று. அப்புறம் நடை. "எவ்ளோ தூரம்மா?" என்றேன். "இன்னிக்கு எவ்ளோ முடியுதோ அவ்ளோ, அடுத்த வாரம் கொஞ்சம் கூட" என்றாள். அதில் வீடியோ எடுக்க ஒன்றுமில்லை. சத்தமே வராத வைத்தியம்.

நடையைப் பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், முதுகுவலி வந்து அப்போதுதான் குணமான 701 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டமும் பிசியோதெரபிஸ்டின் ஆலோசனையும். மறு பகுதியினருக்கு எதுவும் இல்லை. நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பிவர 112 நாள் ஆனது, நடந்தவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள். 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடையாலும் வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் செலவு ஒரு ஜோடி செருப்பு.

இனி கழுத்து. இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

முடி வெட்டி முடித்ததும் சலூன்காரர் தலையில் நாலு தட்டுத் தட்டி, ஒரு கையைத் தாடையிலும் இன்னொரு கையை உச்சந்தலையிலும் வைத்து இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு. என் வீட்டுக்காரர் இதற்காகவே ஒரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவற்றினூடே இரண்டு தமனிகள் மூளையின் பின்பாகத்துக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. மண்டைக்குள் நுழையுமுன், முதல் எலும்பின் மேல் அவை சட்டென்று வளைந்து போகின்றன. கழுத்தை வேகமாக முறுக்கும்போது அந்த வளைவில் தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் ஆய்வுகளை அலசி, இந்தக் கிழிசலுக்கும் கழுத்துத் திருப்பலுக்கும் தொடர்பு தெரிகிறது என்றது. ஏற்கெனவே தமனி கிழிந்து, அந்த வலிக்காகவே சிலர் கைரோபிராக்டரிடம் போயிருக்கலாம் என்பதால் இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் சிகிச்சைக்கு முன் இந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றது. அரிதாக நடப்பதுதான். 2024-ல் கர்நாடகத்தின் பல்லாரியில் சலூனில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட ஓர் இளைஞருக்குப் பக்கவாதம் வந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். எத்தனை அரிதாக இருந்தால் என்ன, கிடைப்பது இரண்டு நிமிடச் சுகம், போவது ஒரு பக்கக் கை கால் என்றால் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இப்போது நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்து வேணாம் தம்பி" என்று சொல்லிவிடுகிறார். சலூன்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, தலையில் இன்னும் இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டி அனுப்புகிறார்.

நம் பக்கத்திலும் கைவைத்தியம் நிறைய உண்டு. சுளுக்கு விழுந்தால் இரட்டைப் பிள்ளை பெற்றவரை அழைத்து நீவச் சொல்வார்கள். கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடச் சொல்வார் அம்மா. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தனியாக ஒரு சிகிச்சையே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்று கணக்குச் சொல்வார்கள். நம்முடையது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அவர்களுடையது என்பதால் தள்ளவும் வேண்டாம். எல்லாவற்றிடமும் ஒரே கேள்விதான்: இது இதமா, குணமா? இதம் என்று சொல்லிக் கொடுத்தால் மனசார வாங்கிக்கொள்வேன். வெந்நீர் ஒத்தடமும், சூடு பண்ணிய நல்லெண்ணெயும், நீவத் தெரிந்த கையும் எனக்கு இன்றும் வேண்டும். சாதாரணச் சுளுக்கும் பிடிப்பும் சில நாள்களிலோ வாரங்களிலோ தானாகவே விட்டுவிடும். அந்த நாள்களைக் கடக்க இதம் வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், அவர் சித்தரானாலும் கைரோபிராக்டரானாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் கைரோபிராக்டருக்கு நாலு வருடப் படிப்பும், மாநில உரிமமும், புகார் சொல்ல ஒரு வாரியமும் உண்டு. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனிக் கவுன்சிலோ பதிவேடோ கிடையாது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பவர் என்ன படித்தார் என்று கேட்பது நம் பொறுப்புதான். பிசியோதெரபி பட்டம் பெற்றவரா, எங்கே படித்தார் என்று நேராகக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வந்துவிடுங்கள்.

போன வாரம் நாத்தனார் மகன் விலாசம் கேட்டான். "அத்தை, நீங்க போன இடம் எப்படி? நானும் போகட்டுமா, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு." போகாதே என்று சொல்லவில்லை. ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டு, மொத்தமாகக் கட்டாதே என்றேன். கழுத்தைத் தொட வேண்டாம் என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடு என்றேன். படத்தில் கோடு போட்டுப் பயமுறுத்தினால் கிளம்பி வா, சாயங்காலம் என்னோடு நடக்க வா என்றேன். அப்புறம் இதையும் அனுப்பினேன், நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, கீழே விழுந்தபின் தாங்க முடியாத வலி வந்தாலோ, தைலமும் வேண்டாம் மேசையும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ. காய்ச்சலோ காரணமில்லாமல் எடை குறைவதோ சேர்ந்துகொண்டால், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தால், டாக்டரைப் பார்க்காமல் யாரையும் முதுகில் கை வைக்க விடாதே. கழுத்தைத் திருப்பியபின் தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, இதில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.